பாட்டை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

பழைய இசைத்தட்டு சேர்ப்பவர் எவரிடமும் ஓர் எக்செல் கோப்பு இருக்கும். பாட்டு, படம், இசை, பாடியவர், எழுதியவர், ஆண்டு, கம்பெனி என்று தலைப்புகள். கீழே ஆயிரக்கணக்கில் வரிசைகள். “இதை அப்படியே வெப்சைட் ஆக்கித் தர முடியுமா?” என்று கேட்பார்கள். ஆக்கலாம். ஒரு வாரத்தில் திரையிலும் வந்துவிடும். அதற்கு அடுத்த வாரம், “சுசீலா பாடியதை மட்டும் எடு, எத்தனை என்று எண்ணு” என்று யாராவது கேட்கும்போதுதான் வினை.

டீ சொல்லியாகிவிட்டது. அவசரமில்லாமல் பார்ப்போம்.

அந்தக் கோப்பில் ஒரு டூயட் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று கவனியுங்கள். ஓரிடத்தில் “டி.எம்.எஸ்., சுசீலா”. இன்னோரிடத்தில் “டி.எம். சௌந்தரராஜன் – பி. சுசீலா”. மூன்றாவது இடத்தில் “பி.சுசிலா & டி.எம்.எஸ்.” மனிதக் கண்ணுக்கு மூன்றும் ஒன்று. கணினிக்கு மூன்றும் மூன்று வெவ்வேறு பாடகர்கள். ஒரு கட்டத்துக்குள் இரண்டு பேரை அடைத்ததும் தப்பு, ஒரே ஆளை மூன்று விதமாக எழுதியதும் தப்பு. படத்தின் ஆண்டும் இப்படித்தான். ஒரு படத்துக்கு ஏழு பாட்டு என்றால் ஆண்டு ஏழு இடத்தில் இருக்கிறது. ஆண்டு தவறென்று தெரிந்து ஆறில் திருத்தி ஒன்றை விட்டுவிட்டால், அந்தப் படம் இரண்டு ஆண்டுகளில் வெளியானதாகிவிடும்.

இந்தத் தொல்லைக்கு மருந்து சொன்னவர் எட்கர் காட். ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வகத்தில் இருந்தவர். 1970இல் அவர் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்துதான் ‘ரிலேஷனல் டேட்டாபேஸ்’ என்று இன்று நாம் சொல்லும் முழுச் சமாச்சாரமும் கிளைத்தது. கட்டுரை முழுக்கக் கணிதம். சாரம் எளிது: ஒரு தகவல் ஓரிடத்தில்தான் இருக்க வேண்டும், மற்ற இடங்களில் அதைச் சுட்டும் அடையாளம் மட்டும் இருந்தால் போதும். பலசரக்குக் கடையின் பற்று நோட்டில் முதல் பக்கத்தில் வாடிக்கையாளரின் பெயரும் விலாசமும் ஓர் எண்ணோடு இருக்கும். அன்றாடப் பற்றில் அந்த எண்ணை மட்டும் எழுதுவார்கள். வீடு மாறினால் முதல் பக்கத்தில் ஒரு வரி திருத்தினால் போயிற்று. அந்த எண் முதல் பக்கத்தில் இருக்கும்போது ‘பிரைமரி கீ’. மற்றப் பக்கங்களில் எழுதப்படும்போது ‘ஃபாரின் கீ’. இவ்வளவுதான்.

ஆக, அட்டவணைகளைப் பிரிக்க வேண்டும். எதை எதிலிருந்து பிரிப்பது என்பதில்தான் வேலை முழுவதும் இருக்கிறது. பாடப்புத்தகங்களில் இதற்கு நார்மலைசேஷன், முதல் வடிவம், இரண்டாம் வடிவம் என்று படிகள் உண்டு. அவற்றைக் கற்றுக்கொள்வது நல்லது. ஆனால் நம் தட்டுகளின் கோணல்களை அந்தப் புத்தகங்கள் அறியா. தட்டை அறிந்தவர்தான் அட்டவணையைச் சரியாகப் போட முடியும்.

ஆட்களிலிருந்து தொடங்குவோம். புதிதாகச் செய்பவர்கள் ‘பாடகர்’ என்று ஓர் அட்டவணை, ‘இசையமைப்பாளர்’ என்று ஒன்று, ‘பாடலாசிரியர்’ என்று ஒன்று போடுவார்கள். இளையராஜா மூன்றிலும் வருவார். எஸ். பாலசந்தரை எடுத்துக்கொள்ளுங்கள்: வீணை வித்வான், நடிகர், இயக்குநர், இசையமைப்பாளர். நான்கு அட்டவணைகளில் நான்கு பாலசந்தர்களா? கே. பாலசந்தர் வேறு இருக்கிறார். அவரையும் இவரையும் குழப்பிக்கொள்ள நமக்குத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. எனவே ‘கலைஞர்’ என்று ஒரே ஓர் அட்டவணை. அதில் ஓர் எண், வழக்கமான பெயர், பிறந்த ஆண்டு, மறைந்த ஆண்டு. மறைந்த ஆண்டு எதற்கு என்று பின்னால் வருகிறேன். அதற்கு வேலை உண்டு.

பாடியவரா, எழுதியவரா என்பது ஆளின் குணம் இல்லை. ஒரு குறிப்பிட்ட பாட்டில் அவர் வகித்த பங்கு. அதனால் அது நடுவே இருக்கும் ஓர் இணைப்பு அட்டவணைக்குப் போகிறது. அதில் ஒரு வரிசை என்றால்: இந்தப் பாட்டின் எண், இந்தக் கலைஞரின் எண், பங்கு (குரல், இசை, வரிகள், வீணை…), பெயர்கள் வரும் முறைக்கான ஒரு வரிசை எண். டூயட்டுக்கு இரண்டு வரிசைகள். ஐந்து பேர் பாடினால் ஐந்து. எத்தனை பேர் வந்தாலும் அட்டவணையின் அமைப்பை மாற்ற வேண்டியதில்லை. ‘பாடியவர் 1, பாடியவர் 2, பாடியவர் 3’ என்று கட்டங்களைக் கூட்டிக்கொண்டே போகிறவர்கள் நான்காவது ஆள் வந்ததும் மாட்டிக்கொள்வார்கள்.

அதே இணைப்பு அட்டவணையில் இன்னொரு கட்டமும் வேண்டும் என்பேன்: ‘தட்டில் அச்சானபடி பெயர்’. ஒரு தட்டில் ‘இளையராஜா’, இன்னொன்றில் ‘இளைய ராஜா’. ஆங்கில எழுத்தில் கேட்கவே வேண்டாம், உறைக்கு உறை மாறும். இதையெல்லாம் திருத்தி ஒரே மாதிரி ஆக்கிவிடத்தான் கை துறுதுறுக்கும். செய்யாதீர்கள். ஆள் யார் என்பது எண்ணில் இருக்கிறது. தட்டு என்ன சொல்கிறது என்பது அந்தக் கட்டத்தில் இருக்கட்டும். தட்டு சேர்ப்பவருக்கு அந்த அச்சுப்பிழைதான் சில சமயம் எந்தப் பதிப்பு என்பதற்குச் சாட்சி. டிஸ்காக்ஸ், மியூசிக்பிரைன்ஸ் ஆகிய இரண்டு பெரிய தளங்களும் இந்த இரட்டை ஏற்பாட்டைத்தான் வைத்திருக்கின்றன.

விஸ்வநாதன்–ராமமூர்த்தி இருவரையும் எப்படி எழுதுவது? ஒரு வரிசையா, இரண்டா? இரண்டு தனி ஆட்களாக எழுதினால், எம்.எஸ்.வி. என்று தேடும்போது எல்லாம் கிடைக்கும். ஆனால் 1965இல் ‘ஆயிரத்தில் ஒருவன்’ படத்தோடு பிரிந்து, 1995இல் ‘எங்கிருந்தோ வந்தான்’ படத்துக்காகச் சேர்ந்த அந்த இரட்டையர் என்ற அடையாளம் காணாமல் போகும். ஒரே ஆளாக எழுதினால், ராமமூர்த்தி தனியாக இசையமைத்த படங்களோடு தொடர்பு அறுந்துவிடும். என் தீர்ப்பு: இரட்டையர் ‘கலைஞர்’ அட்டவணையிலேயே தனியாக ஒரு வரிசை, அதோடு ‘உறுப்பினர்’ என்று ஒரு சின்ன அட்டவணை, இந்தக் குழுவில் இந்த ஆள் இருந்தார் என்று சொல்ல. சங்கர்–கணேஷுக்கும் இதே வழி. ஆனால் 1986இல் வந்த ‘மெல்லத் திறந்தது கதவு’ படத்தில் எம்.எஸ்.வி.யும் இளையராஜாவும் சேர்ந்து இசையமைத்தார்களே, அவர்களுக்குக் குழு வேண்டாம். அது ஒரு கூட்டு; இரண்டு வரிசை போதும். எது இரட்டையர், எது கூட்டு என்று கணினி சொல்லாது. அதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.

‘குழுவினர்’ என்று தட்டில் அச்சிட்டிருப்பார்கள். அதை ஒரு கலைஞராக்கிவிடாதீர்கள். பாட்டில் குழுக்குரல் உண்டா இல்லையா என்று ஒரு கட்டம் போதும். ‘பெயர் தெரியவில்லை’ என்பதையும் ஆளாக ஆக்காதீர்கள். ஆக்கினால், உங்கள் தளத்திலேயே அதிகம் பாடிய பாடகர் அவராகத்தான் இருப்பார்.

இப்போது கடினமான இடத்துக்கு வருகிறோம். பாட்டு.

பாரதியாரின் கண்ணம்மாப் பாட்டு ஒன்று, குழந்தையைக் கிளி என்று கொஞ்சித் தொடங்குவது. 1951இல் வந்த ‘மணமகள்’ படத்தில் சி.ஆர். சுப்பராமன் மெட்டமைக்க, எம்.எல். வசந்தகுமாரியும் வி.என். சுந்தரமும் பாடினார்கள். ராகமாலிகை. படத்திலிருந்து அது கச்சேரி மேடைக்கு ஏறி, இன்றுவரை பாடப்படுகிறது. உங்கள் அலமாரியில் இந்தப் பாட்டு எத்தனை இடத்தில் இருக்கும்? படத்தின் 78 சுழல் தட்டில் ஒன்று. பழைய பாடல்கள் தொகுத்த கேசட்டில் அதே பதிவு இன்னொரு முறை. ஒரு கச்சேரி கேசட்டில் வேறொருவர் பாடியது. எக்செல்லில் மூன்று வரிசைகள், மூன்றிலும் ‘பாட்டு’ என்ற கட்டத்தில் ஒரே பெயர். இவை ஒரே பாட்டா, மூன்று பாட்டா?

பாரதி எழுதியதும் சுப்பராமன் அமைத்ததும் சேர்ந்து ஒரு படைப்பு. அதை ஒரு நாள் ஒரு ஸ்டூடியோவில் இன்னார் பாடியது ஓர் ஒலிப்பதிவு. அந்த ஒலிப்பதிவு ஒரு தட்டின் இந்தப் பக்கத்தில் இத்தனையாவதாக இருப்பது ஒரு தடம். மூன்றும் மூன்று அட்டவணைகள். ஒரு படைப்புக்குப் பல ஒலிப்பதிவுகள். ஓர் ஒலிப்பதிவுக்குப் பல தடங்கள். எழுதியவரும் மெட்டமைத்தவரும் படைப்போடு ஒட்டுவார்கள். பாடியவரும் வாசித்தவரும் ஒலிப்பதிவோடு ஒட்டுவார்கள். தட்டில் அச்சான பெயரும் நேரமும் தடத்தோடு போகும். இந்த ஒரு பிரிவினையைச் சரியாகச் செய்துவிட்டால் பாதிக்கு மேல் வேலை முடிந்தது என்று தைரியமாகச் சொல்வேன். மியூசிக்பிரைன்ஸ் தளமே 2000இல் தொடங்கி, 2011இல்தான் தன் அட்டவணைகளை இப்படிப் பிரித்துத் திருப்பிக் கட்டியது.

கொஞ்சம் சோதித்துப் பார்ப்போம். 1980இல் வந்த ‘பில்லா’வில் ஒரு வெற்றிலைப் பாட்டு உண்டு. 2007இல் ‘பில்லா’ மறுபடி வந்தபோது யுவன் சங்கர் ராஜா அதைப் புதிதாகப் பதிவு செய்தார். ஒரு படைப்பு, இரண்டு ஒலிப்பதிவுகள், இரண்டு படங்கள். சரியாக உட்காருகிறது. ஒரே மெட்டில் ஆண் குரலில் ஒன்றும் பெண் குரலில் ஒன்றும் வரும். வரிகளும் ஒன்றென்றால், அதுவும் ஒரு படைப்பு, இரண்டு ஒலிப்பதிவுகள்தான். ‘ரோஜா’ 1992இல் தமிழில் வந்து பிறகு இந்திக்குப் போனது: மெட்டு ஒன்று, வரிகள் வேறு, எழுதியவரும் வேறு. பாரதி பாட்டுகளில் இதற்கு நேர் எதிராக நடக்கும்: வரிகள் ஒன்று, மெட்டு வேறு. ‘நாம் இருவர்’, ‘கப்பலோட்டிய தமிழன்’, ‘ஏழாவது மனிதன்’, ‘பாரதி’ என்று அவர் வரிகளை எடுத்தாண்ட படங்கள் தலைமுறைக்குத் தலைமுறை வந்துகொண்டே இருக்கின்றன.

கறாராகப் பார்த்தால் வரிகளுக்கு ஓர் அட்டவணை, மெட்டுக்கு ஓர் அட்டவணை என்று இன்னும் பிரிக்கலாம். நான் பிரிக்கமாட்டேன். நூற்றில் தொண்ணூறு பாட்டுக்கு மேல் ஒரு வரி, ஒரு மெட்டு என்றே இருக்கும். அத்தனைக்கும் இரண்டு இடத்தில் பதிவு செய்யச் சொன்னால், தட்டச்சு செய்கிறவர் மூன்றாம் நாள் வேலையை விட்டுவிடுவார். அதற்குப் பதில் இரண்டு படைப்புகளை இணைக்கும் ஒரு சின்ன அட்டவணை வையுங்கள்: ‘இதற்கும் அதற்கும் வரிகள் ஒன்று’, ‘இதற்கும் அதற்கும் மெட்டு ஒன்று’. தேவைப்படும் இடத்தில் மட்டும் நிரப்பினால் போதும்.

கர்நாடக இசையும் உங்கள் அலமாரியில் இருந்தால் ராகமும் தாளமும் சேரும். ராகம் என்று படைப்பில் ஒரு கட்டம் போட்டுவிடத் தோன்றும். தியாகராஜரின் பஞ்சரத்ன கிருதிகளுக்கு அது போதும்: நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ, ஆளுக்கொரு ராகம். முன்னால் சொன்ன ராகமாலிகை வந்ததும் போதாது. எனவே ராகத்துக்கும் தனி அட்டவணை, இணைப்பு அட்டவணை, அதில் எத்தனையாவது ராகம் என்ற எண். விருத்தத்துக்குத் தாளமே கிடையாது; அந்தக் கட்டம் காலியாக இருக்க அனுமதியுங்கள்.

இன்னொரு டீ சொல்லலாம். அடுத்து வருவது தட்டு.

நாம் ‘ஆல்பம்’ என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். சினிமா இசையில் ஆல்பம் என்றால் படம் என்று எடுத்துக்கொண்டு, படத்துக்கும் தட்டுக்கும் ஒரே அட்டவணை போடுகிறவர்கள் உண்டு. கேசட் காலத்தில் வாழ்ந்தவர்கள் அப்படிச் செய்யமாட்டார்கள். ஏ பக்கம் ஒரு படம், பி பக்கம் இன்னொரு படம் என்று எத்தனை கேசட்கள் வந்தன! அதே படத்தின் பாட்டுகள் முதலில் நான்கு பாட்டு கொண்ட ஈ.பி.யாகவும், பிறகு எல்.பி.யாகவும், பிறகு சி.டி.யாகவும் வந்திருக்கும். ‘அந்த நாள்’ (1954) படத்தில் பாட்டே கிடையாது. அதை இயக்கியவர் நம் வீணை பாலசந்தர்தான். தட்டே இல்லாத படம் அது. படமே இல்லாத தட்டுகளோ ஏராளம்: பக்திப் பாடல், நாடக செட், கச்சேரி. ஆக, படம் ஓர் அட்டவணை. வெளியீடு இன்னோர் அட்டவணை. இரண்டையும் நேரடியாகக் கட்டிப்போட வேண்டாம். ஒலிப்பதிவுதான் நடுவில் நின்று இரண்டையும் சேர்க்கிறது: இந்த ஒலிப்பதிவு இந்தப் படத்துக்காக, இந்த வெளியீட்டின் இந்தப் பக்கத்தில். தட்டில் இருந்தும் படத்தில் வெட்டப்பட்ட பாட்டுக்கு, படத்தோடு சேர்க்கும் அந்த இணைப்பில் ஒரு குறிப்பு.

வெளியீட்டுக்குக் கீழே பக்கம்; பக்கத்துக்குக் கீழே தடம். 78 சுழல் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம்போலத்தான் கொள்ளும். நீளமான பாட்டு முதல் பக்கத்தில் பாதி, திருப்பிப் போட்டால் மீதி. ஓர் ஒலிப்பதிவு, இரண்டு தடங்கள். எனவே தடத்தில் ‘பகுதி’ என்று ஒரு கட்டம் வைத்துக்கொள்ளுங்கள். எல்.பி.யிலும் சி.டி.யிலும் இது தேவைப்படாது. ஒலிச்சித்திரத் தட்டு வந்தால் மறுபடி கைகொடுக்கும்.

வெளியீடு வேறு, உங்களிடம் இருக்கும் பிரதி வேறு. எச்.எம்.வி. வெளியிட்ட ஓர் எல்.பி. என்பது உலகத்துக்குப் பொதுவான தகவல். அதில் உங்களிடம் இரண்டு இருக்கின்றன, ஒன்றின் உறை கிழிந்தது, மற்றது மூர் மார்க்கெட் பக்கம் வாங்கியது, இன்ன அலமாரியில் இருக்கிறது என்பது உங்கள் வீட்டுத் தகவல். இதற்கு ‘பிரதி’ அட்டவணை. நாளைக்கு இன்னொரு சேகரிப்பாளர் தன் தட்டுகளையும் உங்கள் தளத்தில் பதிய விரும்பினால், இந்த ஓர் அட்டவணையில் ‘யாருடையது’ என்ற கட்டம் சேர்த்தால் போதும். வெளியீட்டிலேயே கீறலையும் விலையையும் எழுதியிருந்தீர்களானால் எல்லாவற்றையும் பிரித்து மேய வேண்டும்.

ரெக்கார்டிங் சென்டரில் பட்டியல் கொடுத்துப் பதிந்து வாங்கிய கேசட்களும் அந்த அலமாரியில்தான் இருக்கும். கம்பெனி இல்லை, எண் இல்லை, உறையில் யாரோ பேனாவால் எழுதிய பட்டியல் மட்டும். அவற்றையும் வெளியீடாகவே பதியலாம். வகை என்ற கட்டத்தில் ‘தனிப்பதிவு’ என்று போட்டு, கம்பெனியைக் காலியாக விடுங்கள். என்னைக் கேட்டால், அந்தக் காலத்து ரசனையை அறிய இவைதான் நல்ல ஆவணம். தள்ளிவிடாதீர்கள்.

பிரைமரி கீயாக எதை வைப்பது? படத்தின் பெயரை வைக்க முடியாது. ‘ஆயிரத்தில் ஒருவன்’ 1965இலும் உண்டு, 2010இலும் உண்டு. முதலாவதற்கு இசை இரட்டையர், இரண்டாவதற்கு ஜி.வி. பிரகாஷ்குமார். பெயரும் ஆண்டும் சேர்த்து வைக்கலாமே என்றால், ஆண்டு திருத்தப்படும் நாளில் கீயே மாறும். அதைச் சுட்டிக்கொண்டிருந்த அத்தனை வரிசைகளையும் மாற்ற வேண்டும். தட்டின் கம்பெனி எண்ணை வைக்கலாமா? இரண்டு கம்பெனிகள் ஒரே எண்ணைப் பயன்படுத்தியிருக்கலாம். தனிப்பதிவு கேசட்டுக்கு எண்ணே இல்லை. ஒலிப்பதிவுகளுக்கு ஐ.எஸ்.ஆர்.சி. என்று 12 எழுத்துக் குறியீடு உலக அளவில் உண்டு, ஆனால் 78 தட்டு எதிலும் அது அச்சாகியிருக்காது. அதனால் அர்த்தமே இல்லாத ஓர் எண்ணை டேட்டாபேஸே கொடுக்கட்டும். அர்த்தம் இல்லாததுதான் அதன் பலம். திருத்த வேண்டிய அவசியம் ஒருநாளும் வராது. கம்பெனி எண், ஐ.எஸ்.ஆர்.சி. எல்லாம் சாதாரணக் கட்டங்களாக இருக்கட்டும்.

அதே 1965 படம் இன்னொன்றும் கற்றுத்தருகிறது. அதற்குப் பாட்டு எழுதியவர்கள் கண்ணதாசனும் வாலியும். உறையில் ‘பாடல்கள்: கண்ணதாசன், வாலி’ என்று மட்டும் பார்த்துவிட்டு, பாடலாசிரியரைப் படத்தோடு ஒட்டிவிட்டால், எந்தப் பாட்டு யாருடையது என்று சொல்ல உங்கள் டேட்டாபேஸுக்கு வழியே இருக்காது. டீக்கடையில் தீராத சண்டை அது. உங்கள் தளமாவது தீர்த்துவைக்க வேண்டாமா?

ஆண்டு பற்றிச் சுருக்கமாக. படம் வந்த ஆண்டு படத்தில். தட்டு வந்த ஆண்டு வெளியீட்டில். பதிவு நடந்த தேதி தெரிந்தால் ஒலிப்பதிவில். ஆண்டு மட்டும் தெரியும், மாதம் தெரியாது என்பது அடிக்கடி நடக்கும்; முழுத் தேதியைக் கட்டாயமாக்கினால் எல்லாரும் ஜனவரி 1 என்று போட்டுவிடுவார்கள். ஆண்டு, மாதம், நாள் என்று மூன்று கட்டங்களாகப் பிரித்து, பின்னிரண்டும் காலியாக இருக்க அனுமதியுங்கள். காலிக் கட்டத்துக்கு ‘நல்’ என்று பெயர். அதில் ஒரு பொறி இருக்கிறது. “1976இல் வராத வெளியீடுகளைக் காட்டு” என்று கேட்டால், ஆண்டு தெரியாத தட்டுகள் அந்தப் பட்டியலில் வராது. தெரியாததை 1976 என்றும் சொல்லமாட்டேன், அல்ல என்றும் சொல்லமாட்டேன் என்று டேட்டாபேஸ் விலகிக்கொள்ளும். அது நியாயம்தான். நாம்தான் ‘ஆண்டு தெரியாதவற்றையும் சேர்த்து’ என்று சொல்ல வேண்டும்.

இனி எழுத்து. இதைப் பற்றி ஆங்கிலப் புத்தகங்களில் ஒரு வரிகூட இருக்காது, நமக்கோ இதுதான் தினசரித் தலைவலி. சௌந்தரராஜன் என்று எழுதும்போது வரும் ஔகாரக் குறி யூனிகோடில் ஒரே குறி. ஆனால் பலர் ஒற்றைக் கொம்பும், பின்னால் ‘ள’ என்ற எழுத்தும் போட்டு ‘செளந்தரராஜன்’ என்று அடிப்பார்கள். திரையில் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். கணினிக்கு இரண்டும் வேறு சொல். ஒன்றைத் தேடினால் மற்றது கிடைக்காது. ‘கொ’ போன்ற எழுத்துகளையும் ஒரே குறியாகவும் அடிக்கலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் அடிக்கலாம். இந்தப் பின்னதற்கு என்.எஃப்.சி. என்ற யூனிகோட் சீராக்கம் இருக்கிறது. டேட்டாபேஸுக்குள் எழுத்து நுழையும் வாசலிலேயே அதை ஓட்டிவிடுங்கள். முதல் சிக்கல் அதற்கு அடங்காது. கொம்புக்குப் பின் ‘ள’ வந்தால் மாற்று என்று கண்ணை மூடிக்கொண்டு கட்டளையிட்டால் ‘தெளிவு’, ‘கெளுத்தி’ எல்லாம் சிதைந்துவிடும். சந்தேகப் பட்டியல் ஒன்று எடுத்து, மனிதக் கண்ணால் பார்த்துத் திருத்துவதே வழி.

அகர வரிசையும் இப்படித்தான். யூனிகோட் எண்களின் வரிசை நம் அகராதி வரிசை இல்லை. சும்மா ‘வரிசைப்படுத்து’ என்றால் கணேஷ் முன்னாலும் கண்ணதாசன் பின்னாலும் வருவார்கள். புள்ளிக்கு யூனிகோடில் கடைசி இடம் கொடுத்திருப்பதால் வரும் கோளாறு. அகராதியில் மெய்யெழுத்து முதலில் என்பதால் கண்ணதாசன்தான் முன்னால் வர வேண்டும். போஸ்ட்கிரஸ் போன்ற டேட்டாபேஸில் ஐ.சி.யு. என்ற நூலகத்தின் தமிழ் வரிசைமுறையைத் தேர்ந்தெடுத்தால் இது சரியாகிவிடும். தமிழ்த் தளம் நடத்திக்கொண்டு இதைச் செய்யாமல் விடுவது சோம்பேறித்தனம்.

நம் சினிமாப் பாட்டுக்குத் தனித் தலைப்பு கிடையாது. முதல் வரிதான் பெயர். அந்த முதல் வரி எது என்பதில் ஆளுக்கொரு நினைப்பு. தொகையறாவோடு தொடங்கும் பாட்டைச் சிலர் தொகையறாவால் தேடுவார்கள், சிலர் பல்லவியால், சிலர் நடுவில் வரும் ஒரு சொல்லால். படைப்புக்கு ‘மறுபெயர்’ என்று ஓர் அட்டவணை போட்டு, எத்தனை பெயரால் வேண்டுமானாலும் கண்டுபிடிக்க வழிசெய்யுங்கள். ஆங்கில எழுத்தில் தமிழை அடித்துத் தேடுகிறவர்களுக்கும் இதே அட்டவணையில் இடம் கொடுக்கலாம்.

இவ்வளவு அட்டவணைகளாக உடைத்த பிறகு தேடுவது எப்படி என்று கேட்பீர்கள். “வாலி எழுதி, சுசீலா பாடி, ஈ.பி.யில் வந்து, என்னிடம் இருப்பவை.” கலைஞரில் வாலியின் எண்ணை எடுத்து, படைப்போடு அவர் ‘வரிகள்’ என்ற பங்கில் சேர்ந்த இடங்களைப் பிடித்து, அவற்றின் ஒலிப்பதிவுகளில் சுசீலா ‘குரல்’ என்று இருப்பவற்றை வடிகட்டி, அவற்றின் தடங்கள் வழியாக ஈ.பி. வகை வெளியீடுகளுக்குப் போய், பிரதி அட்டவணையில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எஸ்.க்யூ.எல். மொழியில் இந்தச் சேர்க்கைகளுக்கு ‘ஜாயின்’ என்று பெயர். சேரும் கட்டங்களுக்கெல்லாம் இண்டெக்ஸ் போட்டிருந்தால் கண்ணிமைக்கும் நேரம்கூட ஆகாது. பத்தாயிரம் பாட்டு, ஐம்பதாயிரம் பாட்டு எல்லாம் இந்த மென்பொருள்களுக்கு ஒரு பொருட்டே அல்ல.

மென்பொருள் எது என்று ரொம்ப யோசிக்க வேண்டாம். ஒருவர் மட்டும் பதிவதென்றால் எஸ்க்யூலைட் போதும். ஒரே கோப்பு, இலவசம். ஒரே ஓர் எச்சரிக்கை: அதில் ஃபாரின் கீ சரிபார்ப்பு வழக்கமாக அணைந்தே இருக்கும். ஒவ்வொரு இணைப்பிலும் நாம்தான் போட வேண்டும். போடாவிட்டால், இல்லாத கலைஞரைச் சுட்டும் பாட்டுகள் சத்தமில்லாமல் சேர்ந்துவிடும். பலர் பதிவதென்றால் போஸ்ட்கிரஸுக்குப் போங்கள். ஒலிக்கோப்புகளை டேட்டாபேஸுக்குள் திணிக்காதீர்கள். கோப்பு இருக்கும் இடத்தின் முகவரியை மட்டும் எழுதுங்கள்.

ஒலியைத் தளத்தில் ஏற்றலாமா என்பது வேறு கேள்வி. இங்கேதான் அந்த மறைந்த ஆண்டு உதவிக்கு வருகிறது. இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் காப்புரிமை, பொதுவாக, வெளியிட்ட ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள். வரிகளுக்கும் இசைக்கும் படைத்தவர் மறைந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள். கண்ணதாசன் மறைந்தது 1981. அவர் வரிகள் 2041 முடியும்வரை காப்பில் இருக்கும், அதைப் பதிந்த தட்டு எவ்வளவு பழையதானாலும். படைப்பையும் ஒலிப்பதிவையும் பிரித்து வைத்திருக்கிறவருக்கு இந்தக் கணக்கை ஒரே கேள்வியில் எடுத்துவிட முடியும். எக்செல் கோப்போடு நிற்பவர் பாட்டு பாட்டாக உட்கார்ந்து பார்க்க வேண்டும். சந்தேகம் வந்தால் வக்கீலைக் கேளுங்கள், என்னைக் கேட்காதீர்கள்.

தட்டச்சைத் தொடங்குவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். அலமாரியிலிருந்து இருபது தட்டுகளை எடுத்து வையுங்கள். நல்ல, ஒழுங்கான தட்டுகள் வேண்டாம். இரண்டு படம் சேர்ந்த கேசட், இரண்டு பக்கத்தில் உடைந்த பாட்டு, ஒரு ராகமாலிகை, உறையில் ஒரு பெயரும் லேபிளில் வேறு பெயரும் உள்ள ஈ.பி., பேனாவால் பட்டியல் எழுதிய தனிப்பதிவு, ஆண்டே தெரியாத ஒன்று என்று கோணலானவையாகப் பார்த்து எடுங்கள். காகிதத்தில் கட்டம் போட்டு, அந்த இருபதையும் பென்சிலால் நிரப்பிப் பாருங்கள். எங்கே கை தயங்குகிறதோ அங்கே ஓர் அட்டவணை குறைகிறது. இருபதும் தடங்கலில்லாமல் உட்கார்ந்துவிட்டால், மிச்ச ஆயிரங்களைத் தட்டச்சு செய்ய ஆள் தேடலாம்.